பிரேக்குக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம்

அத்தை,

இன்று காலை தேக்காவில் கறிவேப்பிலையும் கத்தரிக்காயும் மட்டும்தான் வாங்கினேன். ஆயுத பூஜை நெருங்கிவிட்டதால் சந்தையில் கால் வைக்க இடமில்லை. பொரி மூட்டை ஒரு பக்கம், பூசணிக்காய் ஒரு பக்கம், நடுவில் பூக்காரர்கள் சத்தம். நமக்கு இந்த வருஷம் ஒன்றும் கிடையாது என்பதால் நான் பாட்டுக்கு ஓரமாக நடந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தால், கறிவேப்பிலைக் கட்டோடு ஓர் எலுமிச்சம்பழம் விழுந்து, உருண்டு போய் சோபாவுக்கு அடியில் நின்றது. நான் கேட்கவே இல்லை. கடைக்காரர் பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறார். "ரேஸ் பழம் ஒண்ணு குடுங்க, புள்ளி இல்லாம, கல்லு மாதிரி" என்று நீங்கள் இரண்டு வருஷமாக அவர் உயிரை வாங்கினீர்களே, அந்தப் பழக்கம்.

குனிந்து, கையை விட்டுத் துழாவி எடுத்தேன். தோலில் என் நகம் பட்டுவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உங்கள் மகன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன செல்வி, பழத்தோட பேசிட்டு இருக்க?" என்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்பதால் கத்தரிக்காயைக் கழுவப் போய்விட்டேன்.

மத்தியானம் ரேஸ் இருந்தது. அதில் ஒன்று நடந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ஆனால் உங்களுக்கு எதையும் நடுவிலிருந்து சொன்னால் பிடிக்காது. "இரு இரு, யாரு அவன்? எங்கேர்ந்து வந்தான்?" என்று பத்து தடவை நிறுத்துவீர்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், கேளுங்கள்.

உங்கள் பேரன் கவின் தேசிய சேவை என்று பட்டாளத்துக்குப் போன வாரம் வீடே வெறிச்சென்று கிடந்தது. அவனுடைய கம்ப்யூட்டர் கார் ரேஸ் சாமான்கள் பாம்ப் ஷெல்டரில் கிடந்தன. நம் பிடோக் வீட்டில் அந்தக் கான்கிரீட் பதுங்கு அறை எதற்குத்தான் பயன்படவில்லை? அரிசி மூட்டை, மிலோ டின், தீபாவளி விளக்கு, பழைய மின்விசிறி, எல்லாவற்றுக்கும் நடுவில் அவனுடைய இருக்கை, ஸ்டியரிங், மூன்று பெடல், பெரிய திரை. தூசி தட்டத்தான் போனேன். சும்மா உட்கார்ந்து பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். லைசென்ஸ் எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எடுத்த நாளோடு சரி, அதன் பிறகு ஒரு காரையும் தொட்டதில்லை. இந்த ஊரில் என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், லைசென்ஸ் பர்ஸில் குடியிருக்கும், ஆள் பஸ்ஸில் போவார்.

பட்டனைத் தட்டி விளையாடும் குழந்தை விளையாட்டு என்று நினைத்துத்தான் இன்ஜினைக் கிளப்பினேன். அது அப்படியில்லை. நிஜக் கார் எப்படி வழுக்குமோ அப்படியே வழுக்கியது. ஸ்டியரிங் என் கையைப் பிடித்து முறுக்கியது. முதல் வளைவிலேயே புல்லில் இறங்கி, சுவரில் முட்டி நின்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அன்று சமையல் இல்லை.

நீங்கள் அப்போதுதான் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துவிட்டு வந்திருந்தீர்கள். அடடா, அந்தப் புதுக் கண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் செய்த அழும்பு! மின்விசிறியில் தூசி தெரிகிறது, என் தலையில் நரை தெரிகிறது, எதிர் பிளாக்கில் பத்தாவது மாடியில் யாரோ கிழிந்த துண்டைக் காயப் போட்டிருப்பது தெரிகிறது. ஒன்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள மாட்டீர்கள். சத்தம் கேட்டு அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஷெல்டர் வாசலில் போட்டு உட்கார்ந்தீர்கள். "சத்தமா இருக்கு" என்று அந்த இரும்புக் கதவைச் சாத்தப் போனீர்கள். சாத்தினால் வைஃபை உள்ளே வராது என்று நான் கத்த, கதவு திறந்தே இருக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. கதவு திறந்திருந்தால் நீங்கள் அதற்கு நடுவில் இருப்பீர்கள். அப்படித்தான் நீங்கள் ரேஸுக்கு வந்தீர்கள்.

மற்றவர்களோடு ஓட்ட ஆரம்பித்தபோதுதான் உண்மையான பாடு. திரையில் என்னோடு ஓடுகிற ஒவ்வொரு காரிலும், எங்கோ ஒரு வீட்டில், ஒரு நிஜ மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "அப்ப அவங்களுக்கும் சமையல் வேலை இல்லையா?" என்றீர்கள். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய பொது ஆட்டத்தில்தான் முதலில் நுழைந்தேன். பச்சை விளக்கு எரிந்ததும் எல்லாரும் ஒரே வளைவுக்குப் பாய்ந்து, ஒருவரை ஒருவர் நசுக்கி, கண்மூடித் திறப்பதற்குள் நான் தலைகீழாகக் கிடந்தேன். நீங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "யாருக்கும் அடி படலியே?" என்று கேட்டீர்கள்.

விடுமுறைக்கு வந்த கவின் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மா, அங்கெல்லாம் போகாதீங்க, அவங்க இடிக்கிறதுக்குன்னே வர்றவங்க. சண்டே மத்தியானம் ஒரு லீக் இருக்கு. சின்ன குரூப், டீசன்ட்டான ஆளுங்க. அதுல சேருங்க" என்று சேர்த்துவிட்டான். ஆரம்பக்காரர்களுக்கு அவன் சொன்னது இரண்டே விஷயம்: முதல் சுற்றில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள், முடிப்பதற்குப் பாருங்கள். நான் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போய் முதல் வளைவிலேயே ஒருவர் மேல் ஏறினேன்.

என் கோளாறு பிரேக். அந்தப் பெடல் தொளதொளவென்று இருக்கும், காலை வைத்தாலே அடிவரைக்கும் போய்விடும். வளைவு வருகிறது என்றால் எனக்குப் பயம். பயத்தில் ஒரே மிதி. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், கார் நேராக வழுக்கிக்கொண்டு போய் முன்னால் இருப்பவர் முதுகில் முட்டும். முட்டுவதற்குப் பயந்து, அடுத்த வளைவில் எல்லாருக்கும் பின்னால் தங்கிவிடுவேன்.

அதற்கும் நீங்கள் சும்மா இருக்கவில்லை. "என்ன புள்ள, எப்பப் பாத்தாலும் அடுத்தவன் முதுகையே பாத்துட்டு இருக்கோம்? எவ்வளவு செலவு பண்ணிக் கண்ணத் தொறந்து விட்டிருக்கீங்க, அதுக்கு இதையா காட்டுவ? ஒரே ஒரு தடவ எனக்கு ரோட்ட காட்டு லா. முன்னாடி ஒரு பய இல்லாம, காலியா."

கேலியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அடுத்த வாரமும் சொன்னீர்கள், அதற்கடுத்த வாரமும் சொன்னீர்கள். இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நீங்கள் என்னிடம் ஆசையாக ஒன்று கேட்டது அதுதான். புடவை வாங்கித் தந்தால் "எதுக்கு?" என்பீர்கள், வெளியூர் கூப்பிட்டால் "முட்டி வலி" என்பீர்கள். இதை மட்டும் கேட்டீர்கள். அதனால் எனக்கும் வீம்பு பிடித்துவிட்டது. ஜெயிக்கிறேனோ இல்லையோ, ஒரு நாள் இந்த அம்மாவுக்குக் காலி ரோட்டைக் காட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நீங்களும் வேலைக்குச் சேர்ந்தீர்கள். திரையின் மேல் ஓரத்தில் பின்னால் வருகிறவர்களைக் காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. எனக்கு ரோட்டையும் அதையும் சேர்த்துப் பார்க்க வராது. "நீ முன்னாடி பாரு, பின்னாடி நான் பாத்துக்குறேன்" என்றீர்கள். அன்றிலிருந்து என் இடது காதில் நீங்கள்தான். "மஞ்சக்காரன் வர்றான்... வர்றான்... இடது பக்கம் மூக்க நீட்றான்... விடு, விடு, போய்த் தொலையட்டும்... இப்ப செவப்பு." லீக்கில் எல்லாரும் ஹெட்செட்டில் பேசிக்கொண்டுதான் ஓட்டுவார்கள். உங்கள் குரல் என் மைக் வழியாக எல்லார் வீட்டிலும் கேட்டது. பிடோக்கிலேயே நாலு பிளாக் தள்ளி இருக்கும் அங்கிள் டானுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. உங்களால் 'வர்றான்' என்றால் என்ன, 'போய்ட்டான்' என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று தெரிந்ததும், "ஆன்ட்டி, ஐ கமிங், வர்ரான், வர்ரான்!" என்று கத்திக்கொண்டே முந்துவார்.

லீக்கை நடத்துகிறவர் நிர்மலன். குவீன்ஸ்டவுன்காரர், வக்கீல் ஆபீஸில் வேலை. தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பேச்சில் அந்த வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ரேஸ் முடிந்ததும் வீடியோவை ஓட்டிப் பார்த்து, யார் மேல் தப்பு என்று அவர்தான் தீர்ப்புச் சொல்வார். ஒருவரை இடித்துத் தள்ளினால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கை வந்தால் லீக்கை விட்டு வெளியே. எனக்கு இரண்டு வந்துவிட்டது. "அக்கா, குறை நினைக்காதீங்கோ. நீங்க நல்ல மனுசி. ஆனா உங்கட பிரேக் நல்ல பிரேக் இல்ல" என்றார். இன்னொன்று நடந்தால் காலி ரோடு கனவோடு சரி. அன்று இரவு சாப்பாட்டில் நீங்கள் எனக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றியதும் எனக்குப் புரிந்துவிட்டது, உங்களுக்கும் கவலை என்று.

அடுத்த ரேஸ் வந்தது விஜயதசமி அன்று. முதல் நாள் ஆயுத பூஜை. சாமி படத்துக்கு முன்னால் கவினின் புத்தகம், என் தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாம் வைத்துச் சந்தனம் பூசிவிட்டு, நீங்கள் கிண்ணத்தோடு பாம்ப் ஷெல்டருக்குள் நுழைந்தீர்கள்.

"எங்க போறீங்க?"

"வண்டிக்குப் பூஜை போட வேணாமா? மாமாவோட மோட்டார் சைக்கிளுக்கு அப்புறம் இந்த வீட்டுக்கு வந்த மொத வண்டி இதுதான்."

"அத்தை, இது வண்டி இல்ல. இதுக்கு டயரே கிடையாது."

"அதான் உன்னை இடிக்க வைக்குது. பூஜை போடாத வண்டி."

ஸ்டியரிங்குக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் திகைத்து நின்றீர்கள். வண்டி கிளம்பும்போது டயர் ஏறி நசுக்கவேண்டும், அதுதானே முறை. டயர் இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது? குனிந்து பெடல்களைப் பார்த்தீர்கள். "இந்த வண்டில நசுக்குறது எது? உன் காலுதானே" என்று சொல்லி, ஒரு பழத்தை ஆக்சிலேட்டருக்கு அடியிலும் ஒன்றை பிரேக்குக்கு அடியிலும் செருகினீர்கள். நாளைக்குக் கிளம்பும் முன் இரண்டையும் மிதித்து, எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டு என்று உத்தரவு. உங்களை எதிர்த்துப் பேசினால் ஒரு வாரம் பேச்சு வாங்கவேண்டும். சரி என்றேன்.

மறுநாள் ஆக்சிலேட்டர் பழம் ஒரே மிதியில் நசுங்கியது. துடைத்து எடுத்தேன். பிரேக் பழம் நசுங்கவில்லை. காலை எடுத்துப் பார்த்தால் ஆளையும் காணோம். உருண்டு போயிருக்கும் என்று நீங்கள் அரிசி மூட்டைக்குப் பின்னால் தேடினீர்கள், நான் மிலோ டின்னை நகர்த்தித் தேடினேன். அதற்குள் ஹெட்செட்டில் நிர்மலன் எண்ண ஆரம்பித்துவிட்டார். ஓடி வந்து உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது, ஆட்டம் தொடங்கியது.

முதல் வளைவுக்குப் பயத்தோடு ஒரு மிதி மிதித்தேன். பெடல் அடிவரைக்கும் போகவில்லை. நடுவில் ஏதோ கெட்டியாகத் தாங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை, கார் வழுக்கவில்லை, தாயே என்று ஒழுங்காக வேகம் குறைந்து வளைந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. பழம் பெடலுக்குப் பின்னால் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு அழுத்துகிறேன் என்பது வாழ்க்கையில் முதல் தடவையாக என் காலுக்குத் தெரிந்தது. நான் "பழம் உள்ள இருக்கு!" என்று கத்த, நீங்கள் பதறிப்போய், "மெதுவா, மெதுவா! பழம் நசுங்கணும், தெறிக்கக் கூடாது!" என்று கத்தினீர்கள்.

அத்தை, பிரேக் பிடிப்பதற்கு அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் பிரேக்கைப் பற்றிச் சொல்லவே இல்லை, பழத்தைப் பற்றித்தான் சொன்னீர்கள். சாமி பழம் அசிங்கமாகத் தெறித்துவிடக் கூடாதே என்ற கவலை உங்களுக்கு. நான் அதைப் பிடித்துக்கொண்டு ரேஸ் முழுக்க ஒருவரையும் தொடாமல் ஓட்டி, எனக்குப் பின்னால் மூன்று பேர் இருக்க முடித்தேன். ஷெல்டர் முழுக்க எலுமிச்சை வாசனை. சாறு கால்விரல் இடுக்கில் எரிந்தது. நிர்மலன், "அக்கா, என்ன செய்தனீங்கள்? வேற ஆள் ஓட்டின மாதிரி இருந்தது" என்றார். நீங்கள் மைக்கை என் வாயிலிருந்து பிடுங்கி, "பழம் ஓட்டிச்சு!" என்றீர்கள். அன்றிலிருந்து லீக்கில் நம் பெயரே 'லெமன் ஹவுஸ்' என்று ஆகிவிட்டது.

அடுத்த முறை வந்த கவின் பெடலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது ஏற்கனவே உலகத்துக்குத் தெரிந்த வைத்தியம்தான், தொளதொள பெடலுக்குள் ரப்பர் துண்டு வைத்தால் இதே மாதிரி ஆகும் என்று சொல்லி ஒன்றைப் பொருத்திவிட்டான். நீங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டீர்கள். "ரப்பரக் கும்பிட முடியுமா?" கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. உள்ளே ரப்பர் இருக்கும். ரேஸ் அன்று நீங்கள் புதுப் பழத்தால் ஸ்டியரிங்கைச் சுற்றிவிட்டு, பிரேக்குக்கு அடியில் வைத்து, நான் ஒரு மிதி மிதித்ததும் மறக்காமல் எடுத்துவிடுவது. வேலை ரப்பர் செய்யும், பேர் பழத்துக்கு.

அப்படி இரண்டு வருஷம் போனது. கடைசியிலிருந்து நடுவுக்கு வந்தேன். ஒன்பதாவது, எட்டாவது, ஒரு தடவை ஆறாவது. ஆறாவது வந்த அன்று நீங்கள் சேமியா பாயசம் வைத்தீர்கள். ஆனால் முன்னால் எப்போதும் யாராவது ஒருவர் முதுகு இருந்துகொண்டே இருந்தது.

இந்த வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, திரும்பி வந்துவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ரேஸுக்குப் போகமாட்டேன் என்றேன். "போயிட்டு வந்து சொல்லு, இங்க டிவில ஒண்ணும் இல்ல" என்று விரட்டினீர்கள். சாயங்காலம் வந்து எட்டாவது என்றேன். மூக்கில் குழாயோடு விரலை மடக்கி எண்ணிவிட்டு, "அப்ப இன்னும் ஏழு முதுகு" என்றீர்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம் இல்லையா? என்ன அவசரம்?

இரண்டு மாதம் ஷெல்டர் கதவைத் திறக்கவில்லை. உங்கள் மகன்தான் ஒரு நாள் அரிசி எடுக்கப் போன சாக்கில் தூசி தட்டி வைத்துவிட்டு, "அம்மா இருந்தா உன்னத் திட்டுவாங்க" என்றார். மறுபடி போனேன். கண்ணாடியை நானே பார்க்கப் பழகிக்கொண்டேன். சிவப்பு ஸ்டூல் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை யாரும் நகர்த்தவில்லை.

சரி, இனி இன்றைய கதை.

பழத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பூஜை கிடையாது, பண்டிகை கிடையாது. ஸ்டியரிங்கைச் சுற்றக் கூடாது, பெடலுக்கு அடியில் வைக்கவும் கூடாது. ஆனால் ஸ்டூலில் வைக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே? நீங்கள் உட்காரும் ஸ்டூலில் வைத்தேன்.

எல்லாரும் வந்து சேர்ந்தோம். நான் ஏழாவது இடத்திலிருந்து கிளம்பவேண்டும். இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும்போது அங்கிள் டான், ஆயுத பூஜை வருவது தெரிந்து, "செல்வி, லெமன் ரெடி ஆ?" என்று முன்போலக் கேட்டார். பாவம், அவருக்கு நம் வழக்கம் தெரியாது. "நோ லெமன் திஸ் இயர், அங்கிள். ஹவுஸ் காட் டெத். ஒன் இயர் கேன்னாட்" என்றேன். சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் உடைந்துவிட்டது.

பிறகு நிர்மலன் சொன்னார். "அக்கா, உங்கட வீட்டில வைக்கக் கூடாது, சரி. எங்கட வீட்டில வைக்கலாம்தானே?"

அவ்வளவுதான். ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. இன்னொன்று. எங்கோ ஒரு குளிர்ப்பெட்டிக் கதவு திறந்தது. யாரோ ஓடினார்கள். ஒருவர் மனைவியிடம், "ஏய், எலுமிச்சம்பழம் எங்க வச்சிருக்க? எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்" என்கிறார். ஜொகூர் பாருவிலிருந்து ஓட்டும் பெண், "அக்கா, எங்க வீட்ல வெங்காயம்தான் இருக்கு, பரவால்லயா?" என்கிறாள். டான் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "ஐ ஒன்லி ஹேவ் கலமன்சி. ஸ்மால் ஸ்மால் ஒன். கேன் ஆ?" என்றார். கேன், அங்கிள், கேன் என்றேன், அதுவும் குட்டி எலுமிச்சைதானே. எனக்கு முன்னால் நின்ற ஆறு கார்களிலும், பின்னால் நின்றவற்றில் பாதியிலும் உங்களுக்காகப் பிரேக்குக்கு அடியில் ஏதோ ஒன்று இருந்தது.

சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மிதித்துவிட்டு எடுக்கவேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை! "எடுத்துட்டீங்களா? எல்லாரும் பழத்த வெளிய எடுத்துட்டீங்களா?" என்று கத்தினேன். இன்ஜின் இரைச்சலில் யார் காதில் விழுகிறது? விளக்கு அணைந்தது.

நீளமான நேர் ரோடு, அதன் முடிவில் வலது பக்கம் கொக்கி மாதிரி ஒரு வளைவு. பழம் நசுங்கணும், தெறிக்கக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு காலை வைத்தேன். என் பெடலில் ரப்பர் மட்டும்தான், வழக்கம்போல் தாங்கியது, கார் வளைந்தது. முன்னால் ஓடிய ஆறு பேரும் வளையவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிற ஆறு பேர், ஒருவர் பின் ஒருவராக, பஸ்ஸுக்கு வரிசை நிற்பதுபோல் மரியாதையாக, நேராகச் சரளைக்கல்லில் இறங்கினார்கள். "அலாமாக்!" என்பது டான். "ஐயோ, பழம் தடுக்குது, பிரேக் கீழ போகுதில்ல!" என்பது நிர்மலன். "வெங்காயம்! வெங்காயம்!" என்பது ஜொகூர். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை.

வளைவு முடிந்து நிமிர்ந்து பார்த்தேன்.

ரோடு, அத்தை. ஒரு பய இல்லை. சாம்பல் நிறத்தில் நீளமாக மேடேறிப் போகிறது, இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, தூரத்தில் மரம், அதற்கு மேல் வானம். இவ்வளவு இடம் அதில் இருக்கிறதென்று எனக்கே இன்றுதான் தெரியும். "பாருங்க, பாருங்க!" என்று கத்திக்கொண்டே ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டேன். மஞ்சளாகப் பழம் மட்டும் உட்கார்ந்திருந்தது. கண் நிறைந்து அடுத்த வளைவு கலங்கலாகத் தெரிந்தது. கார் புல்லை உரசிவிட்டு ரோட்டுக்கு வந்தது.

மூன்று சுற்றுக்கு அந்த ரோடு நமக்கே நமக்கு. பிறகு நிர்மலன் எப்படியோ குனிந்து பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் துரத்தி வந்து என்னைத் தாண்டினார். கடைசிச் சுற்றில் டானும் தாண்டினார், "போய்ட்டான்!" என்று கூவிக்கொண்டே. மூன்றாவதாக முடித்தேன். இதற்கு முன் நான் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை என்பது வேறு விஷயம், எத்தனையாவது என்று நான் பார்க்கக்கூட இல்லை. முதல் வளைவில் நடந்ததற்கு யாருக்கும் எச்சரிக்கை கிடையாது என்று நிர்மலன் தீர்ப்புச் சொன்னார். டான் தன் பெடலிலிருந்து கலமன்சி விதையைப் பொறுக்கிக்கொண்டே, "செல்வி, யுவர் மதர்-இன்-லா பவர்ஃபுல் லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். உங்கள் மகன் சத்தம் கேட்டு ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஷெல்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்த மூன்று சுற்றையும் முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். "இதத்தான் கேட்டுட்டு இருந்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

நான் வேலை பார்க்கும் கிளினிக் முன்மேசையில் யாராவது வந்து வரிசைச் சீட்டை முன்னே கொடு பின்னே கொடு என்று சத்தம் போட்டால், எனக்கு உடனே சுருக்கென்று கோபம் வரும். இப்போதெல்லாம் மேசைக்கு அடியில் வலது காலை மெதுவாக ஊன்றிக்கொள்கிறேன். நசுங்கணும், தெறிக்கக் கூடாது. பல நாள் அது பலிக்கிறது. சில நாள் தெறிக்கத்தான் செய்கிறது, உங்களுக்குத் தெரியாததா.

பழத்தை யாரும் மிதிக்கவில்லை என்பதால் பிழிந்து, உப்புப் போட்டு, நானும் உங்கள் மகனும் ஆளுக்கு அரை டம்ளர் குடித்தோம். புளிப்பில் பல் கூசியது. நல்ல பழம்தான் போட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறும் ஓட்டுவேன். கண்ணாடி பார்க்கும் வேலை இனி என்னுடையது, அத்தை. பின்னாடி நான் பாத்துக்குறேன். நீங்க முன்னாடி பாருங்க.

செல்வி